கிளப்பைப் பூட்டப் போகிறார்களாம், டீச்சர்!

போன இதழில் மலையகத் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கிளப்புகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பொகவந்தலாவை, லிந்துலை, பசறை, மஸ்கெலியா, கொழும்புப் புறக்கோட்டையிலிருந்துகூட ஒன்று. வேறு கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க இதையே பேசிவிடுவோம்.

டீச்சர், எங்கள் மேல் டிவிசனில் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடம்தான் எங்கள் அப்பாமார் காலத்திலிருந்து கிளப். கரம் போர்ட், வொலிபோல் வலை, ஒரு அலுமாரி புத்தகம், ராத்திரியில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு. போன மாதம் ஆபிசிலிருந்து கடிதம் வந்தது: கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம், உர ஸ்டோர் ஆக்கப்போகிறோம், மாத முடிவுக்குள் சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று. பையன்கள் கொதிக்கிறார்கள், வேலையை நிறுத்துவோம் என்கிறார்கள். என்ன செய்வது?
*(கிளப் செயலாளர், பொகவந்தலாவை)*

தம்பி, கொதிப்பு நியாயம்தான். ஆனால் வேலை நிறுத்தம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டடத்துக்காக மலைக்குப் போகாமல் நிற்கப்போவது கிளப் பையன்கள் இல்லை, உங்கள் அம்மாமார். பையன்களில் எத்தனை பேர் தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், பாதிப் பேர் டவுனிலும் கொழும்பிலும்தான் வேலை செய்வீர்கள். அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய், சம்பளத் துண்டில் அது குறைந்து நிற்கும்போது, கிளப் என்ற சொல்லே வீட்டில் கசந்துவிடும். அந்த ஆயுதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கடிதத்துக்குக் கடிதம். இன்றைக்கே எழுதுங்கள். முடியாது என்றும் சொல்ல வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம். கடிதம் கிடைத்தது, இந்தக் கட்டடத்தை இத்தனை பிள்ளைகள் இன்னின்ன வேலைக்கு இத்தனை வருஷமாகப் பாவிக்கிறார்கள், நேரில் பேச ஒரு நாள் தாருங்கள், பேசி முடியும்வரை இருப்பதுபோலவே இருக்கட்டும், அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றைக் கொடுத்து மற்றதில் ஆபிஸ் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்கு இது பழக்கமில்லை. எல்லாவற்றையும் வாய்ப்பேச்சில் முடிப்போம், பிறகு தோட்டத்தை நடத்தும் அந்தத் துரை மாறிப் போவார், பேச்சும் அவர் கூடவே போய்விடும்.

இரண்டாவது, 'தோட்டத்துக்குச் சொந்தம்' என்ற வார்த்தை. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிர்வாகம், நிலம் குத்தகைக்குத்தான். ஆகவே கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மண் இன்றைக்கும் அரசாங்கத்தினுடையது. அதற்காகத் துரைக்கு அதிகாரமே இல்லை என்று போய் வாதாடாதீர்கள், நிர்வகிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. ஆனால் இது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் முடிகிற விஷயமில்லை, பிரதேச செயலகத்துக்கும் இதில் பேச இடமிருக்கிறது. அது தெரிந்தால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிராது.

அடுத்தது, கட்டடத்தைக் கட்டியது யார்? அதைத் தேடுங்கள். சில இடங்களில் தோட்டமே கட்டியிருக்கும், சில இடங்களில் டிரஸ்ட் என்று நாம் சொல்லுகிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், சில இடங்களில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு. சில இடங்களில் நம் தாத்தாமாரின் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் மாதாமாதம் வெட்டிய காசு. எங்கள் தோட்டத்தில் இதே பிரச்சினை வந்தபோது கதவுக்கு வலப்பக்கச் சுவரில், வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்புக்கு அடியில், ஒரு சதுரக் கல் புடைத்துக்கொண்டு நிற்பதை ஒரு பையன்தான் கண்டான். ஐந்து ரூபாய்க் குத்தியால் சுரண்டினோம். முதலில் ஒரு திகதி வந்தது, பிறகு 'தோட்டத் தொழிலாளர்களின் நன்கொடையில்' என்று அரைகுறையாக ஒரு வரி. அந்தக் கல்லைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்தோம். அதற்குப் பிறகு 'எங்கள் கட்டடம்' என்ற பேச்சு ஆபிசில் குறைந்துபோனது.

கல் இல்லாவிட்டால் பழைய சம்பளத் துண்டுகளைக் கேளுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருக்கும் பாட்டிமார் நம் வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றிலும் இருப்பார்கள். அரசாங்கப் பணம் வந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்று அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும், தமிழில் எழுதிக் கேட்கலாம், எதற்குக் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்க முடியாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையில் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, அதைக் கதவுப் பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள், பேனாவையும் சேர்த்து. யார் வந்தாலும் பெயர், வந்த நேரம், போன நேரம், என்ன செய்தார்கள். நாங்கள் வைத்திருந்த கொப்பியில் ஒரு பக்கம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. '6.10 முதல் 8.45 வரை, கணக்கு, 14 பேர்.' அதற்குக் கீழே ஒரு சின்னக் கையெழுத்து, 'மழை, வீட்டில் லைட் இல்லை, படிக்க வந்தேன்.' அப்புறம் பணிய கணக்கு என்னும் கீழ் டிவிசனிலிருந்து வந்த ஒரு தாத்தா, எழுதத் தெரியாததால் பெருவிரல் ரேகை, பக்கத்தில் வேறொரு பிள்ளை எழுதியிருந்தது, 'பேப்பர் வாசித்துக் காட்டினேன்.' துரை அந்தக் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், பிறகு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கும் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை, யாரும் அதை எழுத்தில் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்ததில்லை, அதுதான் குறை.

போகும்போது பையன்கள் மட்டும் போகாதீர்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, கோயில் கமிட்டியில் ஒருவர், மரணாதாரச் சங்கத்தில் ஒருவர், கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்கள், நீங்கள். ஆறு பேர் போதும். இன்னொன்று, கையில் ஒரு மாற்று இடத்தோடு போங்கள். அவருக்கு உரம் வைக்க இடம் வேண்டும் என்பது உண்மையாக இருக்கலாம். மூடிக் கிடக்கும், கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம், ஆள் இல்லாத பழைய லயம், ஏதாவது ஒன்று உங்கள் தோட்டத்தில் இருக்குமே? கூரையை நாங்களே சிரமதானம் செய்து போட்டுத் தருகிறோம் என்று சொல்லுங்கள். பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் உர மூட்டை வைப்பது நல்லதல்ல என்பதையும் மரியாதையாகச் சொல்லலாம்.

என் மகளுக்குப் பதினாறு வயது. கிளப் கிளப் என்று இத்தனை பேர் உருகுகிறீர்கள். எங்கள் தோட்டத்துக் கிளப்பில் பொம்பிளைப் பிள்ளை கால் வைக்க முடியாது. பையன்கள் கரம் அடிப்பார்கள், சனிக்கிழமை சம்பளம் வந்தால் குடித்துவிட்டு வருவார்கள். அதை மூடினால் எனக்கென்ன நஷ்டம்?
*(ஒரு தாய், லிந்துலை)*

உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். வந்ததிலேயே உண்மையான கடிதம் இதுதான்.

உங்களுக்கு நஷ்டமில்லை, சரி. உங்களைப் போல் பாதி லயத்துக்கு நஷ்டமில்லை. அதனால்தான் கிளப்புகளைப் பூட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆபிசில் ஒரு கடிதம் அடித்தால் போதும், கேட்க வருவது பத்துப் பையன்கள், அந்தப் பத்துப் பேரையும் பற்றி லயத்தில் முறைப்பாடு இருக்கும். எதிர்க்க யார் வருவார்கள்?

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் தோட்டத்தில் படிப்பகம் என்று ஒன்று இருந்தது. ஒரே அறை. வாரப் பேப்பர் வரும், இரண்டு மூன்று மாத இதழ்கள் வரும். உள்ளே அண்ணன்மார் உட்கார்ந்திருப்பார்கள், பெண் பிள்ளைகள் போகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் போகமாட்டோம். ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் பேப்பர் விரித்துக் கிடக்கும். நான் வெளியில் ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று, கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துத் தலைகீழாகக் கிடக்கும் பக்கத்தை வாசிப்பேன். இன்றைக்கும் தலைகீழ் எழுத்தை என்னால் வேகமாக வாசிக்க முடியும், அங்கே பழகியதுதான். ஒரு நாள் யாரோ ஒரு அண்ணன் ஒன்றும் பேசாமல் பேப்பரை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் உள்ளே வா என்று அவரும் கூப்பிடவில்லை. அந்தப் படிப்பகம் சில வருஷத்தில் மூடிப்போனது. பெண்கள் யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஏன் வருத்தப்பட வேண்டும்?

அதனால் கிளப் பையன்களுக்கு நான் சொல்வது இது. இதை வாசிக்கிற செயலாளர்மார் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தின் சாவி இரண்டு இருக்க வேண்டும், ஒன்று ஒரு பெண்ணிடம். பின்னேரம் நாலிலிருந்து ஆறரை வரை பெண் பிள்ளைகளின் நேரம் என்று எழுதி ஒட்டுங்கள், அந்த நேரத்தில் கரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிடுங்கள். குடித்துவிட்டு வருகிறவன் யாராக இருந்தாலும், தலைவருடைய மகனாக இருந்தாலும், அன்றைக்கு உள்ளே வரக்கூடாது. கட்டடத்திலிருந்து லயம் வரைக்கும் உள்ள படிக்கட்டில் ஒரு பல்பு. பூட்டுப் போடக்கூடிய கக்கூசு. இது இரண்டும் இல்லாமல் எந்தத் தாயும் மகளை அனுப்பமாட்டாள், அனுப்பவும் கூடாது.

தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போட்டுப் பேசிய காலத்தில் அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் அதே கூட்டங்களில் பாடினார், பேசினார். அது 1930களில். அன்றைக்கே ஒரு பெண் மேடையில் நின்ற மலையகத்தில் இன்றைக்கு ஒரு பெண் பிள்ளை வாசிக்கப் போக அஞ்ச வேண்டியிருக்கிறது என்றால் அது பையன்களின் குற்றம் மட்டுமில்லை, நாம் எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். நீங்களும் இன்னும் மூன்று தாய்மாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்துக்குள் போய் அரை மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சும்மா. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கிளப்பைப் பதிவு செய்தால் கட்டடத்தை எடுக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?
*(வாசகர், மஸ்கெலியா)*

உண்மையில்லை. பதிவு வேறு, கட்டட உரிமை வேறு. ஆனாலும் பதிவு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் 13 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்கள் சேர்ந்து இளைஞர் கழகம் அமைக்கலாம். பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை அதிகாரி இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள். பதிவு இருந்தால் பயிற்சி, விளையாட்டுப் போட்டி, கடிதத் தலைப்பு, இவையெல்லாம் வரும். பதிவில்லாத கிளப் அனுப்பும் கடிதத்தை ஒரு அதிகாரி எடுத்து ஓரமாக வைப்பது சுலபம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இளைஞர் கழகத்தில் இருப்பவர்களுக்கு வயது போகும், கல்யாணம் ஆகும், வெளிநாடு போவார்கள், ஐந்து வருஷத்தில் ஆளே மாறிவிடும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள நடுத்தர வயதுக்காரர்களும் உள்ள தனிக் குழு ஒன்று வேண்டும், அதைக் கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ தொண்டர் அமைப்பாகவோ பதியலாம். யாப்பு, கூட்டக் குறிப்பு, இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. அவ்வளவும் இருந்தால் போதும்.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஊர்க் கிளப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறேன், நண்பர்களும் அனுப்புகிறார்கள். லைட் பில் கட்டாமல் கனெக்ஷனை வெட்டிவிட்டார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். காசு எங்கே போனது என்று கேட்டால் கோபப்படுகிறார்கள். இனி அனுப்பலாமா?
*(வாசகர், கொழும்பு)*

கேட்டது சரி. கோபப்பட்டது பிழை.

ஆயிரம் ரூபாய் உனக்குச் சும்மா வரவில்லை, மூட்டை தூக்கிக் கிடைத்த காசு. திருடிவிட்டார்கள் என்று உடனே முடிவுக்கு வராதே தம்பி. நான் பார்த்த கிளப்புகளில் காசு பெரும்பாலும் திருடு போவதில்லை, கரைந்துபோகும். ஒரு பந்து, ஒரு மாலை, யாருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கைமாற்று, எதற்கும் துண்டு இல்லை. ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகமில்லை, ஞாபகமில்லாதவன் கோபப்படத்தான் செய்வான். மாத முடிவில் வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி, அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல். அதைச் செய்தால் அனுப்புவோம் என்று நீங்கள் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லுங்கள். இந்த மாதம் மட்டும் காசைக் கையில் கொடுக்காமல் லைட் பில்லை நேராகக் கட்டிவிடு, பில் நம்பர் இருந்தால் கொழும்பிலிருந்தே கட்டலாம். இருட்டில் கிடக்கும் கட்டடத்தைக் 'கைவிடப்பட்டது' என்று எழுதுவது மிகச் சுலபம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பின்னேரம் கிளப்பில் உட்கார்ந்து, கடை வேலைக்குக் கொழும்பு வருகிற பிள்ளைகள் எதில் ஏமாறுகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடு. உன் ஆயிரத்தைவிட அது பெரிய காசு.

2025 நவம்பர் டித்வா புயலில் எங்கள் கிளப் கட்டடம் தப்பியது. ஆனால் பின்னால் மேட்டில் நீளமாக வெடிப்பு. வந்து பார்த்த அதிகாரிகள் உள்ளே போகக்கூடாது என்றார்கள். பையன்கள் இது கிளப்பை மூடுவதற்கான சாட்டு என்கிறார்கள். போராடலாமா?
*(வாசகி, பசறை)*

வேண்டாம், மகள். இதில் மட்டும் என்னிடம் இரண்டு பேச்சு இல்லை. உடனே வெளியே வந்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடக்கூடப் போக வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் அப்படியே மூடிப்போனதை நாம் மறக்கவில்லை. இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படாததால் சனம் அங்கேயே இருந்தது. டித்வாவில் பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் பட்டது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. மண் வெடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் யார், எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், வெடிப்பைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குவது. கிராம உத்தியோகத்தர் மூலமோ பிரதேச செயலகம் மூலமோ கேளுங்கள். அதில் கட்டடம் ஆபத்தானது என்று இருந்தால், மாற்று இடம் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதமே அதுதான். கட்டடம் போகலாம், கிளப் போகக்கூடாது. புத்தக அலுமாரியை இறக்கி ஒரு வீட்டு இஸ்தோப்பில் வையுங்கள். வகுப்பைப் பின்னேரத்தில் பிள்ளைக்காம்பராவில் நடத்தக் கேளுங்கள், பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப் போனபிறகு அந்த அறை சும்மாதானே கிடக்கிறது? வொலிபோலுக்கு மைதானம் போதும். வரவுக் கொப்பியை மட்டும் ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள், இடம் மாறினாலும் அதே கொப்பி, அடுத்த பக்கம். ஒரு மாதம் கூடாமல் விட்டால் பிறகு கூட்டுவது கஷ்டம். எங்கள் தோட்டத்தில் கூரை திருத்தும்வரை மூடுவோம் என்று மூடிய கிளப், கூரை திருத்திய பிறகும் திறக்கவேயில்லை, சாவி யாரிடம் என்றே மறந்துபோயிற்று.

எங்கள் கிளப்புக்குப் பெயின்ட் அடித்து, கூரைச் சீட் மாற்றித் தருவதாக ஒரு அரசியல்வாதி சொல்கிறார். முகப்பில் தன் பெயரைப் போட வேண்டுமாம். வாங்கலாமா?
*(கிளப் தலைவர், தலவாக்கலை)*

சீட்டை வாங்குங்கள், பெயரை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு லயத்தில் மூன்று தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் ஒருவருடைய பெயர் முகப்பில் ஏறினால் மற்ற இரண்டு சங்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அன்றோடு வரமாட்டார்கள். அவர் சம்மதிக்காவிட்டால் விடுங்கள். பிரதேச சபையைக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்கத் தடையிருந்தது, வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள், படிக்கட்டுக் கட்டக் கேட்டால் சட்டம் இடம் தராது என்பார்கள். 2018இல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் கதவைத் திறந்தார்கள். அதே வருஷத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகளும் ஆறாகப் பிரிந்தன. இப்போது உங்கள் சபை கிட்டத்தில் இருக்கிறது, உறுப்பினரை உங்களுக்கு முகம் பார்த்துத் தெரியும். சபை நிதி உங்கள் நிதி, அதற்கு யாருடைய பெயரும் போட வேண்டியதில்லை.

எனக்கு எழுபத்தாறு வயது. அந்தக் காலத்து வாலிபர் சங்கங்களைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் எழுதினால் என்ன, டீச்சர்?
*(பெரியவர், ஹட்டன்)*

ஐயா, நான் கொஞ்சம் எழுதுகிறேன், மிச்சம் நீங்கள் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்குள் வெளியார் காலடி வைத்தாலே அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்த காலம் இருந்தது. நடேசய்யர் புடவை வியாபாரிபோல உள்ளே போய் ஆட்களைச் சந்தித்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாலு பேர் ஒரு அறையில் கூடி உட்காருவதே அன்றைக்குப் பெரிய காரியம். பிறகு 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கம் போன்றவர்கள் படித்த இளைஞர்களைச் சேர்த்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்த வாலிபர்கள் லாம்பு வெளிச்சத்தில் இராப்பள்ளி நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள். 1977 மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தான். அவன் வயதுப் பையன்கள்தான் இன்றைக்குக் கரம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

உங்கள் பக்கத்துக் கிளப்பில் ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள் ஐயா. பேச்சு வேண்டாம், ஒரு ஞாபகம் போதும். யார் வீட்டில் கூடினீர்கள், எந்தப் பேப்பரை வாசித்தீர்கள், யாருக்குப் பயந்தீர்கள். ஒரு பிள்ளையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிளப்பை மூடி ஒரு வருஷம். உள்ளே புத்தகங்கள் இருக்கின்றன, ஜன்னலால் தெரிகின்றன. மழை ஒழுகி ஒரு பக்கம் நனைந்துவிட்டது. யாரிடம் கேட்பது?
*(மாணவி, அக்கரபத்தனை)*

கண்ணு, நீயே கேள். இப்படி எழுது:

'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் டிவிசன் கிளப்பில் புத்தகங்கள் நனைகின்றன. அவற்றை எடுத்துக் காயவைத்து, பெயர்ப் பட்டியல் எழுதி, பாடசாலை முடிந்ததும் வாசிக்க அனுமதி தாருங்கள். கதவைத் திறக்க வரும் நாளைச் சொன்னால் நாங்கள் வந்து நிற்போம்.' கீழே உன் பெயர், வகுப்பு, உன் கூட்டாளிகள் எத்தனை பேர் சேருவார்களோ அத்தனை பேருடைய பெயரும்.

ஒரு பிரதியை உன் வகுப்பு டீச்சரிடம் கொடு. மற்றதை எடுத்துக்கொண்டு ஆபிசுக்குத் தனியாகப் போகாதே, அம்மாவையோ அப்பாயியையோ கூட்டிக்கொண்டு போ. ஈரப் புத்தகத்தை வெயிலில் நேராக விரிக்காதே, அட்டை வளைந்துவிடும். அடுப்படியில் கொடி கட்டி, பக்கங்களைக் கொஞ்சம் விரித்துத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் காயும். எத்தனை புத்தகம் தேறியது என்று எனக்கு எழுது.